மூன்று ஊசிகளும் ஒரு குட்டித் தொப்பியும்

இந்த ஆண்டு ஆயுத பூஜையன்று என் மகள் சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள், காரின் ஸ்டீரிங், அரிவாள்மனை, என் பழைய ஸ்பானர் பெட்டி, அவளுடைய லேப்டாப் என்று வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டுச் சாமி மேடைக்கு வந்து நின்றாள். மேடையின் கீழ்த்தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் பச்சை நிற அட்டை ஒன்று இருந்தது. ஒரு சாண் நீளம்கூட வராது. ஓர் ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். நடுவில் சதுரமான வெள்ளைப் பீடம், அது நிறைய ஊசித் துளைகள். ஒரு மூலையில் மேலிருந்து கீழாக மூன்று குட்டி ஊசிகள். அவற்றில் கீழ் இரண்டையும் சேர்த்து மூடியபடி நெல்மணி அளவுக்கு ஒரு கறுப்புத் தொப்பி.

"இது என்னப்பா, கம்ப்யூட்டர் சாமானா? இதுக்கும் வெச்சிடவா?" என்று கேட்டு விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள்.

"அதுக்கு வேணாம்மா."

"ஏன்?"

ஏன் என்பது எனக்குத் தெரியும். விரலில் சந்தனத்தோடு அவள் நின்றாள். நான் விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த அட்டை பாயிடமிருந்து வந்தது. மலாக்கா டவுனில் பழைய கடை வரிசை ஒன்றில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஒல்லியான உடம்பு. தலையில் எப்போதும் வெள்ளைத் தொப்பி. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் சின்னச் சாமான்களைப் பிடித்தெடுக்கும் சிமிட்டா. என் மகள் படிக்கிற காலத்தில் அவளுடைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கம். எதைக் கொடுத்தாலும் முதலில் கேட்பது, "இத யாரும் தொறந்தாங்களா?" என்பதுதான். தொறந்தோம் என்று சொன்னால் திட்டமாட்டார். "சொன்னீங்களே, அது போதும். பாதி வேல முடிஞ்சிருச்சு" என்பார்.

அவர் கடை முகப்பில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கடை தொடங்கியபோது அவரே தன் கையால் பூட்டிய முதல் மெஷின். விற்கவில்லை. தொழுகை நேரங்களை அதில் எழுதிக் காட்டும்படி செய்திருந்தார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஐந்து நேரமும் நிற்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதைவிட அதைத்தான் பார்ப்பார்கள். நானும் நடந்துபோகும்போது பார்ப்பேன். எனக்குத் தொழுகை இல்லை என்றாலும், ஒரு மனிதர் கடவுளுக்கு நேரம் குறித்துவைத்து அதைத் தெருவுக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாரே என்று மனசுக்கு இதமாக இருக்கும்.

நான் அப்போது டவுனுக்கு வெளியே செங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்காரன். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மூன்று வருஷத்தோடு நின்றவன் நான். ஆணி, திருகு, கையுறை, ஸ்பானர் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் சின்னச் சின்ன மின் பலகைகளைச் சோதித்து அனுப்பும் ஒரு லைன் இருந்தது. பதினொரு பெண்கள் வேலை செய்தார்கள். தமிழ்ப் பெண்கள் ஏழு பேர், மற்றவர்கள் மலாய்க்காரர்கள். அவர்களுடைய வேலை முழுவதும் ஒரே ஒரு சோதனை மெஷினை நம்பித்தான். மெஷினுக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். எப்போது நின்றாலும் லைனையே மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு இருந்தது. ஓடிக்கொண்டிருந்ததால் மூட முடியவில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஸ்டோரில் ஆயுத பூஜை வைப்பது நான்தான். பல வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிய அனுமதி அது. ஒரு மேசை, ஒரு படம், சுண்டல், வடை. மலாய்ப் பெண்களும் சீனச் சூப்பர்வைசரும் வந்து வெளியே நின்று பார்ப்பார்கள், பிறகு வடை சாப்பிடுவார்கள். அந்த வருஷம் பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. வருடாந்திர சுத்தத்துக்காக டெக்னீசியன் சோதனை மெஷினைத் திறந்து, இந்தப் பச்சை அட்டையைக் கழற்றி, தூசு ஊதி, ஸ்டோர் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதன் பீடத்தில் சதுரமான சிப் உட்கார்ந்திருந்தது. நான் ஸ்பானருக்கும் ஸ்குரூ டிரைவருக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். இது மெஷினின் மூளை அல்லவா, பதினொரு வீட்டில் அடுப்பு எரிவது இதனால்தானே, இதை விட்டுவிட்டு ஸ்பானருக்கு வைத்து என்ன பயன் என்று தோன்றியது. மனசார வேண்டிக்கொண்டு மூலையில் ஒரு பொட்டு வைத்தேன்.

தீபாராதனை முடிந்ததும்தான் பயம் வந்தது. சந்தனம் ஈரமாயிற்றே, கரண்டு போகிற சாமானாயிற்றே என்று ஒரு துணியால் துடைத்தேன். துடைத்ததில் அந்தக் கறுப்புத் தொப்பி கழன்று மேசையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்று ஊசி, இரண்டை மூடும் தொப்பி. மேலே இருந்ததா, கீழே இருந்ததா? ஞாபகம் இல்லை. கீழ்ப்பக்கம் வைத்து அழுத்தினேன். சரியாகப் பொருந்தியது. பொருந்தியதால் சரி என்று நினைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் டெக்னீசியன் அட்டையைப் பூட்டி மெஷினைப் போட்டான். பத்து நிமிஷம் ஓடியிருக்கும். திரை அணைந்தது, மறுபடி வரவில்லை. சிப் செத்துவிட்டது, வயசாயிற்று என்று அவன் சொன்னான். யாரும் சந்தேகப்படவில்லை. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு லைனை மூடிவிடுவோம் என்று பெண்கள் முன்னாலேயே சொன்னார். அவர்களில் வயதில் மூத்த ஓர் அக்கா என் பக்கம் திரும்பி, "பூசையெல்லாம் போட்டீங்களே தம்பி, இப்பிடி ஆயிருச்சே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பங்கு. ஆனால் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது வேறு. சந்தனத்தால்தான் மெஷின் கெட்டது என்று தெரிந்தால் இனி பூஜைக்கு அனுமதி கிடைக்காது, சாமி காரியத்துக்குப் பழி வந்துவிடும், அதனால் பேசாமல் இருப்பதே பக்தி என்று சொல்லிக்கொண்டேன். அதற்குப் பரிகாரம் தேடுவதுபோல், "எனக்குத் தெரிஞ்ச பாய் ஒருத்தரு இருக்காரு" என்று நானே முன்வந்தேன்.

மறுநாள் அட்டையைப் பாயிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பல வருஷம் பார்க்காத சொந்தக்காரரைப் பார்த்தவர்போல் இருந்தார். இது என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பழைய கம்ப்யூட்டரின் பெரிய போர்டில் சிப்புக்கு நீளமான பிளவுதான் உண்டு. பிறகு வந்த சிப்போ சதுரம், அடியில் ஊசி ஊசியாக இருக்கும். ஒன்றில் ஒன்று போகாது. "மாப்பிள்ள வீடும் பொண்ணு வீடும் நேரா பேசிக்க மாட்டாங்க இல்ல? நடுவுல நின்னு பேசி முடிக்கிற ஆளு இந்த கார்டு. ஆளு சரியில்லன்னா கல்யாணம் நின்னுரும்லா" என்று சிரித்தார்.

சிக்கல் என்னவென்றால் அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. செய்தவர் பெயர் கிடையாது. வெள்ளை எழுத்தில் ஓர் எண் இருந்தது, அதன் கடைசி எழுத்து தேய்ந்துபோயிருந்தது. பாய் இன்டர்நெட்டில் பழைய பழைய பக்கங்களாகத் தேடினார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் லொஹோர் தொழுதுவிட்டு வந்து மறுபடி தேடினார். கடைசியில் இரண்டு படங்கள் அகப்பட்டன. இரண்டும் அச்சாக இதே அட்டைதான், வகை வேறு. முதல் வகையில் தொப்பி மேல் இரண்டு ஊசியில் இருந்தால் எங்கள் சிப்புக்கு வேண்டிய இரண்டு வோல்ட் வரும், கீழே இருந்தால் சிப்பை எரிக்கிற அளவுக்குக் கூடுதலாக வரும். இரண்டாம் வகையில் அப்படியே தலைகீழ். எங்களுடையது எந்த வகை என்று காட்ட வேண்டிய எழுத்துதான் தேய்ந்திருந்தது. சிப் உட்கார்ந்தால்தான் மின்சாரமே வரும் என்பதால் முன்கூட்டி அளந்து பார்க்கவும் வழியில்லை.

பாய் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்டோரண்ணே, இந்தக் குட்டித் தொப்பிய யாரும் தொட்டாங்களா?"

"இல்ல பாய்."

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. இது என் தல தொப்பி மாதிரி. எடுத்தவங்க திருப்பி சரியா வெக்கணும்."

"இல்ல பாய். யாரும் தொடல."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப கத முடிஞ்சிருச்சு. இத்தன வருஷமா தொப்பி கீழ இருந்து ஓடியிருக்குன்னா, கீழதான் ரெண்டு வோல்ட்டு. இது ரெண்டாவது வக" என்றார். தாளில் குறித்துக்கொண்டார். நான் சொன்ன ஒரு வார்த்தையின் மேல்தான் அந்தக் கணக்கு முழுவதையும் கட்டினார்.

இனி சிப் வேண்டும். பென்டியம் சிப்பில் இதே மாதிரி சதுரமானவை அவரிடம் நாலைந்து இருந்தன. இவற்றில் ஒன்றைப் போடக்கூடாதா என்று கேட்டேன். ஒன்றை எடுத்து அட்டையில் வைத்துக் காட்டினார். அழகாக உட்கார்ந்தது. "உக்காரும்ணே, பேசாது. இது பின்னால வந்த பரம்பர. அந்தப் பழைய போர்டுக்கு இது பேசுற பாஷ தெரியாது" என்றார். செத்துப்போன அதே செலரான் சிப்தான் வேண்டும். ஆர்டர் செய்தால் வெள்ளிக்கிழமைக்குள் வராது. பாய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு எழுந்து கடை முகப்புக்குப் போனார்.

அந்தப் பழைய மெஷினில் இருந்தது அதே சிப்தான். திரையில் மாலைத் தொழுகையான அசர் நேரம் பச்சை எழுத்தில் நின்றுகொண்டிருந்தது. பாய் சுவிட்சை அணைத்தார். "வேணாம் பாய்" என்றேன். "பதினொரு பேரு சோறுண்ணே. நேரத்த நான் போன்ல பாத்துக்குவேன்" என்று சொல்லி மூடியைக் கழற்றினார். சிப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், கழற்றிய திருகுகளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் அவரைத் தொழிற்சாலைக்கு அழைத்துப்போனேன். பெண்கள் வேலை இல்லாததால் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரும் வந்து நின்றார். பாய் பிஸ்மில்லா சொல்லி அட்டையைப் பூட்டி மெஷினைப் போட்டார். திரை வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். அந்த மூத்த அக்கா, "எங்க வீட்டு வெளக்கே எரிஞ்ச மாதிரி இருக்கு பாய்" என்றார். அவர் சொல்லி முடித்த சற்று நேரத்துக்கெல்லாம் கருகிய வாடை வந்தது. பாய் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். சிப் போயிருந்தது, அதோடு அடியிலிருந்த போர்டும் கருகியிருந்தது. இனி எந்தச் சிப்பைக் கொண்டுவந்தாலும் அந்த மெஷின் எழுந்திருக்காது.

பாய் அட்டையைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். சிமிட்டாவால் தொப்பியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். கருகல் எங்கே என்று மோந்து பார்க்கிறார் என்று நினைத்தேன். தொப்பியை இருந்த இடத்திலேயே மாட்டி, அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒரு தடவை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அது புரியவில்லை.

மேனேஜரிடம் போய், "சாயா பூஞ்ஞா சாலா, போஸ்" என்றார். என் தப்புதான் என்று. கார்டைத் தப்பாக அடையாளம் கண்டுவிட்டேன், வகை மாறிவிட்டது, வேறு யார் மேலும் குற்றமில்லை என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். தெரியாத வேலையில் ஏன் கைவைத்தாய் என்று மேனேஜர் கத்தினார். பாய் தலை குனிந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். நான் அவருக்கு அரையடி பக்கத்தில், கையில் ஸ்டோர் சாவிக் கொத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

வாசல்வரை கூடப் போனேன். தன் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, சாவியைத் திருகாமல், "ஸ்டோரண்ணே, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"இல்ல பாய்."

"சரிண்ணே. வெயில்ல நிக்காதீங்க. போங்க."

லைனை மூடிவிட்டார்கள். நாலு பேரை வேறு பகுதியில் போட்டார்கள், மற்ற ஏழு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த மூத்த அக்கா, பாய்க்குக் கை ராசி இல்லை என்று பஸ்ஸில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். செங்கில் அவருக்கு வேலை கொடுத்த இன்னும் இரண்டு இடங்களும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. எங்கள் பூஜைக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அடுத்த வருஷமும் அனுமதி கிடைத்தது. சுண்டல் கொடுத்தேன். என் கையால் கொடுத்த பிரசாதத்தை நான் சாப்பிடவில்லை.

கடை முகப்பில் அந்தத் திரை இருண்டே கிடந்தது. வேறு சிப் வாங்கிப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் பழக்கத்தில் அங்கே பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். நான் அந்த வரிசையைத் தவிர்த்து அடுத்த ஜாலான் வழியாகத் தெருவைச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய் முருகனிடம் சொன்னேன். நான்தான் தொட்டேன், நான்தான் மாற்றி வைத்தேன் என்று அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வெளியே வரும்போது நெஞ்சு லேசாக இருக்கும். மறு வாரம் பாரம் பழையபடி வந்துவிடும். பாயிடம் சொல்ல வேண்டியதை முருகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. அவனுக்குத்தான் முன்பே தெரியுமே.

தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு ஒரு தடவை கடைக்குப் போனேன், அன்றைக்குச் சொல்லிவிடுவதாக. பாய் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்திருந்தார். மகள் வேலைக்குப் போகிறாளா என்று விசாரித்தார். முறுக்கை அங்கேயே உடைத்து வாயில் போட்டு, நல்லா இருக்கு என்றார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்ததுபோலவும், நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்ததுபோலவும் இப்போது தோன்றுகிறது. அன்று மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நோன்பு மாதத்தில் அவர் தவறிவிட்டார். மாரடைப்பு என்றார்கள். வீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நானும் நின்றேன். எடுத்துப்போகும்போது கூட நடந்தேன். மண் போடும்போது தள்ளி நின்றேன். ஒரு வாரம் கழித்து அவருடைய மனைவி ஆள் சொல்லி அனுப்பினார். போனபோது கதவுக்கு அந்தப்பக்கம் நின்றபடி ஒரு பொட்டலத்தை நீட்டினார். "இத உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லி வெச்சிருந்தாங்கண்ணே. என்னன்னு எனக்குத் தெரியாது. ஸ்டோரண்ணன் வந்து இதப்பத்திப் பேசினாருன்னா கடையில குடுத்துருவேன், பேசலன்னா எனக்கப்புறம் குடுன்னாங்க" என்றார்.

பொட்டலத்தை வீட்டில் வந்து பிரித்தேன். இந்தப் பச்சை அட்டைதான். சுற்றியிருந்த தாளில் பாய் தன் சாய்ந்த தமிழ் எழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தார். கீழே இரண்டு படம் போட்டிருந்தார், மேலே தொப்பி, கீழே தொப்பி என்று.

"முதல் வகை. தொப்பி மேலே இருந்திருக்க வேண்டும்.

தொப்பிக்குள்ளே சந்தனம் இருக்கிறது, கழற்றாமல் உள்ளே போகாது. சந்தனம் பட்ட பிறகுதான் தொப்பி கீழே வந்திருக்கிறது.

அண்ணன் பூஜையில் பயந்திருப்பார். யாரிடமும் சொல்ல வேண்டாம்."

ஜன்னல் பக்கம் நின்று மோந்து பார்த்தாரே, அது கருகல் வாடைக்காக இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் மேனேஜரிடம் போய்த் தலை குனிந்திருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வேனில் உட்கார்ந்து என்னைக் கேட்டிருக்கிறார். அவருக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமே பாக்கி இல்லை. எனக்காகத்தான் கேட்டார்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தங்கா பத்து என்ற ஊரில் எங்கள் வீட்டில் இருக்கிறேன். அந்த அட்டையைச் சாமி மேடையில்தான் வைத்திருக்கிறேன். தொப்பியை மேலே மாற்றி வைத்துவிடலாமா என்று சிலநாள் கை போகும். மாற்றி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவேன். அவர் மாட்டி வைத்தபடியே இருக்கிறது.

மகள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். விரலில் சந்தனம் காயத் தொடங்கியிருந்தது. அட்டையை இன்னொரு கையால் எடுத்து விளக்குக்குக் கிட்டே பிடித்தாள். போனில் வெளிச்சம் போட்டு அந்த மூலையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா, வேணாம்ங்கிறீங்க. இதுல ஏற்கெனவே சந்தனம் இருக்கே. தொப்பி ஓரத்துல, மஞ்சளா. நீங்க வெச்சதா?"

"ஆமாம்மா," என்றேன். "நான்தான் வெச்சேன்."

பாய் கடையில் இரண்டு தடவை கேட்டார், வேனில் ஒரு தடவை கேட்டார். அந்த மூன்றுக்கும் இதுதான் பதில்.